புற்றுக்காளானும் பெட்டிக்காளானும்

கொங்கு நாட்டில் மழை விட்ட மறுநாள் காளான் பிடுங்கப் போகிறவர்கள் காடெல்லாம் அலைய மாட்டார்கள். போன வருசம் எந்த வேலியடியில், எந்தக் கரட்டோரத்தில் முளைத்ததோ அங்கேயே நேராகப் போவார்கள். விடிவதற்கு முன்பே போவார்கள், ஏனென்றால் அந்த இடம் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் தெரிந்திருக்கலாம். மாப்பிள்ளைக்குக்கூட இடத்தைச் சொல்லாத வீடுகள் உண்டு.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப முளைப்பதற்குக் காரணம் கறையான். புற்றுக்காளான் அது செய்யும் விவசாயம். மென்று தின்ற மரத்தையும் சருகையும் கொண்டு புற்றுக்குள் தேனடை போல அடை கட்டி, அதில் பூஞ்சை வளர்த்துத் தின்கிறது. மண் நன்றாக நனைந்ததும் அந்தப் பூஞ்சை மேலே துளைத்து வந்து குடை விரிக்கிறது. அதனால்தான் பிடுங்கும்போது காம்பு முடிவதே இல்லை. வேர் மாதிரி மெலிந்து மெலிந்து அடை வரைக்கும் போகும். குடையின் நடுவில் கூரான மூக்கு ஒன்று இருக்கும், மண்ணைக் கிழித்து வந்தது அதுதான். பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹெய்ம் 1942இல் இந்த இனத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று பெயரிட்டார். மூக்கும் வேரும் நம் கிழவிகளுக்கு அதற்கு வெகுகாலம் முன்பே தெரியும்.

அவர்களுக்குத் தெரிந்த வகைகள் மிகக் குறைவு. புற்றுக்காளான், பொடிப்பொடியாகக் கூட்டமாக முளைக்கும் அரிசிக்காளான், வைக்கோல்போர் அடியில் வருவது. மிச்சமெல்லாம் நாய்க்குடைதான். விஷக்காளான்களை அவர்கள் தரம் பிரித்துக் கற்கவில்லை. நல்லது இரண்டு மூன்றை ஐயமறத் தெரிந்துகொண்டு மற்றதைத் தொடாமல் விட்டார்கள். காளான் படிப்பு என்றால் அன்று அவ்வளவுதான், அதுவே போதுமானதாக இருந்தது. மஞ்சள் போட்டுப் பார்ப்பது, பூண்டு கறுக்கிறதா என்று பார்ப்பது, வெள்ளிக்காசைப் போடுவது, பூச்சி தின்றதை நாமும் தின்னலாம் என்பது ஆகிய சோதனைகளில் ஒன்றுக்கும் அடிப்படை கிடையாது. கொடிய விஷக்காளானையும் நத்தை நிம்மதியாகத் தின்னும். அன்றைக்குக் காப்பாற்றியது மஞ்சள் அல்ல, இடம் தெரிந்த கண்.

சமையலும் சுருக்கமானது. மண்ணைச் சுரண்டி, கையாலேயே நாராகக் கிழித்து, சின்ன வெங்காயம், வரமிளகாய், மிளகு, சீரகம் போட்டுச் சட்டியில் வதக்கினால் அதுவே தண்ணீர் விட்டு வெந்துவிடும். நிறையக் கிடைத்தால் கொத்தமல்லியும் தேங்காயும் வறுத்து அரைத்துக் கறிக்குழம்பு. கவுச்சி தொடாத புரட்டாசியில் மழையும் சேர்ந்து வந்தால் அந்த வீட்டுக்கு அது விருந்து. ஆசாரம் பார்க்கும் வீடுகளிலோ காளான் வாசற்படி ஏறாது. சங்கப் பாடல்களில் அதன் நிலை இன்னும் பரிதாபம். புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் தம் வறுமையைச் சொல்லும்போது, சமைத்து நாளான அடுப்பில்தான் காளான் பூக்கிறது.

இன்றைக்குக் கல்யாணப் பந்தியில் காளான் பிரியாணி. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு பன்னீருக்கு அடுத்த கறி அதுதான். இந்த மாற்றம் காட்டிலிருந்து வரவில்லை, ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. 1940களின் தொடக்கத்திலேயே கோயம்புத்தூரில் வைக்கோல் காளானை வளர்த்துப் பார்த்தார்கள். பிறகு சிப்பிக்காளான் வந்தது. வைக்கோலை ஊறவைத்து, வெந்நீரில் வேகவைத்து, பாலித்தீன் பையில் அடுக்கடுக்காகப் போட்டு, சோளத்தில் வளர்த்த விதையைத் தூவித் தொங்கவிடும் படுக்கையை இன்று எந்தக் காளான் குடிலிலும் பார்க்கலாம். மொட்டுக்காளானுக்கு ஊட்டிக் குளிர் வேண்டும், இல்லையென்றால் குளிரூட்டிய அறை. நம் வெயிலுக்கு ஏற்றது பால் காளான்தான். 1974இல் மேற்கு வங்கத்திலிருந்து விவரிக்கப்பட்ட இந்த இனத்திலிருந்து தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் ஏபிகே 2 என்ற ரகத்தை வெளியிட்டது. 30 டிகிரிக்கு மேலும் விளையும், பறித்த பின்னும் சீக்கிரம் கெடாது. என்னைக் கேட்டால் தமிழ்நாட்டுச் சமையலறைக்கு அமைந்த காளான் இதுவே. கடைக்காரர்கள் ஏனோ இன்னும் மொட்டைத்தான் முன்னால் அடுக்குகிறார்கள்.

பெட்டியில் வருவதற்கு அடையாளம் காணும் வேலை இல்லை. சமைக்கும் வேலை மட்டும் மாறியிருக்கிறது. காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மொட்டுக்காளானை வாணலியில் குவித்தால் அந்தத் தண்ணீரிலேயே வெந்து சவசவ என்றாகும். அகலமான சட்டி, நல்ல தீ, உப்பைக் கடைசியில் போட்டால் சிவக்கும். சிப்பியைக் கத்தியால் வெட்டாமல் நார்ப்போக்கில் கிழித்துப் பிழிந்து போடுங்கள். பால் காளானின் தடித்த காம்பை எறியாமல் நறுக்கிக் குழம்பில் விடுங்கள், மசாலா நன்றாகப் பிடிக்கும். மொட்டுக்காளான் பளீரென்று வெளுத்திருந்தால் புதுசு என்று நம்ப வேண்டாம். வெளுக்க வைக்கும் உப்பில் அலசி அனுப்புகிறவர்களும் உண்டு. கோயம்புத்தூர் ரோட்டுக்கடைக் காளானைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். தட்டில் முட்டைக்கோசும் மைதாவும்தான் பெரும்பங்கு. அதை அறிந்தேதான் எல்லோரும் தின்கிறோம், நானும்தான்.

புற்றுக்காளானை மட்டும் படுக்கை போட்டு விளைவிக்க முடியவில்லை. அதற்குக் கறையான் வேண்டும். மனை பிரிக்கும் இடங்களில் முதலில் சாய்வது புற்றுதான், தப்பிப் பிழைத்ததற்குக் கறையான் மருந்து. புற்றோடு இடமும், இடத்தோடு அதைக் காட்டிக் கொடுக்க வேண்டியவர்களும் போகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கே. நடராஜனும் உடன் உழைத்தவர்களும் தென்னிந்தியக் காளான்களை வகைப்படுத்தி எழுதிய அறிவு நூலகத்தில் இருக்கிறது, வேலியடியில் இல்லை. இதற்கிடையில் பாட்டிகளின் கணக்கில் சேராத காளான்களும் வந்துவிட்டன. வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட பைன் மரங்களோடு, வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்பு அமனிட்டா கொடைக்கானலிலும் நீலகிரியிலும் முளைக்கிறது. புல்தரையில் மழைக்குப் பின் வரும் பெரிய வெள்ளைக் குடை ஒன்று பார்வைக்குப் புற்றுக்காளான் மாதிரியே இருக்கும். முற்றினால் அதன் அடிமடல்கள் பச்சையாகும். அதற்கு வேர் கிடையாது. தின்றால் சில மணி நேரத்தில் வாந்தி பேதி.

கைப்பேசியில் படம் எடுத்துப் பெயர் கேட்டுச் சமைக்கத் துணிகிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. காம்பு மண்ணுக்குள் எவ்வளவு போகிறது, அடியில் பை இருக்கிறதா, வித்துத்தூள் என்ன நிறம் என்பது மேலிருந்து எடுத்த படத்தில் வராது. 2008இல் அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் பலர் காட்டுக்காளான் தின்று இறந்தார்கள். சிலவகை அமனிட்டாக்களின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் காயவைத்தாலும் போகாது.

உங்கள் ஊரில் புற்றுக்காளான் பிடுங்கத் தெரிந்தவர் இருந்தால், அடுத்த மழைக்கு அவரோடு போங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் பால் காளான் வாங்குங்கள். காட்டுக்காளான் தின்று 6 மணி நேரம் கழித்து வாந்தி வந்தால் அதுதான் மோசமான அறிகுறி. இடையில் ஒரு நாள் தெளிந்தது போலத் தோன்றும், அதற்குள் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். மிச்சமிருக்கும் காளானையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.