ஒரே ஹார்ட் டிஸ்க், வீடெங்கும் டிவி

மதுரைப் பக்கத்து வீடுகளில் பீரோவைத் திறந்தால் வீடியோவின் பல தலைமுறைகள் கிடைக்கும். தொண்ணூறுகளில் நடந்த கல்யாணம் விஎச்எஸ் கேசட்டில் இருக்கும். 2000ஐ ஒட்டி நடந்த காதுகுத்து விசிடியில், அதற்குப் பிந்திய வளைகாப்பு டிவிடியில், அண்மையில் அழகர் ஆற்றில் இறங்கியது போனில். இத்தனையையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டால், பட்டாசாலை டிவியிலும் மாடி அறை டிவியிலும் நினைத்தபோது பார்க்கலாம். டிஸ்க்கைக் கழற்றி மாட்டும் வேலையே இல்லை. அதற்கு எந்தப் பெட்டி வாங்கலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். பெட்டியைக் கடைசியாக முடிவுசெய்யுங்கள் என்பேன். கையில் இருக்கும் ஃபைல்கள் எந்த வகை, வீட்டுச் சுவர்கள் எவ்வளவு கனம் என்று தெரிந்தால் பெட்டி தானாகத் தெரிந்துவிடும்.

ஏற்பாடு எளிதுதான். ஃபைல்களை வைத்திருந்து கேட்டபோது கொடுக்கும் கம்ப்யூட்டர் ஒரு பக்கம். அதற்கு சர்வர் என்று பெயர். அதை வாங்கிப் படமாக விரித்துக் காட்டும் பிளேயர் ஒவ்வொரு டிவியிலும் இருக்கும். ஸ்டிக், பாக்ஸ், ஸ்மார்ட் டிவி எல்லாமே பிளேயர்தான். இரண்டுக்கும் நடுவில் ரவுட்டர். வீட்டுக்குள்ளேயே நடக்கும் இந்தப் போக்குவரத்துக்கு இணையம் தேவையில்லை. நெட் போன நாளிலும் ரவுட்டரில் கரண்ட் இருந்தால் போதும், கல்யாண வீடியோ ஓடும்.

இனி ஃபைல்களுக்கு வருவோம். பழைய விசிடியைக் கம்ப்யூட்டரில் போட்டால் ‘எம்பெக்ஏவி’ என்ற ஃபோல்டரும் அதற்குள் ‘டாட்’ ஃபைலும் இருக்கும். அகலத்தில் 352 புள்ளி, உயரத்தில் 288 புள்ளி, அவ்வளவுதான் அந்தப் படம். அதை ஓட்டுவது பிளேயருக்குப் பெரிய சுமையில்லை. டிவிடியில் ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மிகாத ‘விஓபி’ துண்டுகள். அவற்றில் எம்பெக்-2 என்ற சுருக்கமுறை. 2006க்குப் பிறகு வந்த ஹேண்டிகேம்களின் ‘எம்டிஎஸ்’ ஃபைல்களில் எச்.264. ஐபோன்கள் 2017 முதல் எச்இவிசி என்ற புதிய முறையிலும் பதிகின்றன. அதில் 4கே வீடியோ ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 எம்பி பிடிக்கும்.

பிளேயரின் சிப்புக்கு இந்த முறைகளெல்லாம் தெரிந்திருந்தால் சர்வர் ஃபைலை அப்படியே அனுப்பினால் போதும். தெரியாவிட்டால் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சர்வர் அதை வேறு முறைக்கு மாற்றித் தர வேண்டும். கம்ப்யூட்டரைத் திணறவைக்கும் வேலை அது. ஆகவே காசை டிவி பக்கத்துப் பிளேயரில் போடுங்கள், சர்வர் எளியதாகவே இருக்கட்டும். கணக்கு பார்ப்பவர்களுக்கும் இதுதான் கட்டுப்படியாகும்.

ஒலியையும் கவனிக்க வேண்டும். டிவிடிகளிலும் ஹேண்டிகேம் ஃபைல்களிலும் டால்பி டிஜிட்டல் ஒலி அடிக்கடி வரும். அதற்கான உரிமம் இல்லாத பிளேயரில் தவில்காரர் வாசிப்பது தெரியும், சத்தம் மட்டும் வராது. விஎல்சி ஆப்பைப் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். உரிமம் இல்லாவிட்டாலும் அது தானே ஒலியைப் பிரித்துக் கொடுத்துவிடும். பாரிஸ் புறநகர் மாணவர்கள் 1996இல் தொடங்கிய இந்த இலவச மென்பொருள் ஆண்ட்ராய்டு டிவி, ஃபயர் டிவி இரண்டிலும் கிடைக்கிறது.

கடைகளில் யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. நம் நாட்டு வீடியோ கேமராக்கள் பால் முறையைப் பின்பற்றியவை. அந்த முறையில் நொடிக்கு 25 படம். ஒவ்வொரு படமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரண்டு பாதியாகப் பதிவாகும். ஆக நொடிக்கு 50 பாதி. பழைய குழாய் டிவிகள் இந்தப் பாதிகளை அதே வரிசையில் காட்டின. இன்றைய எல்இடி திரை முழுப் படத்தை ஒரே மூச்சில் காட்டுகிறது. பாதிகளைச் சரியாக இணைக்கத் தெரியாத பிளேயரில், மாலை மாற்றும்போது அசையும் கைகளின் ஓரமெல்லாம் சீப்பின் பற்களைப் போலக் கோடு கோடாகத் தெரியும். ஸ்டுடியோக்காரர் மோசமாக எடுத்துவிட்டார் என்றே பலரும் நினைக்கிறார்கள். அவர் ஒழுங்காகத்தான் எடுத்திருக்கிறார். செட்டிங்கில் ‘டீஇன்டர்லேஸ்’ என்பதைப் போட்டால் கோடுகள் மறைந்துவிடும்.

இதோடு ஒட்டிய சிக்கல் இன்னொன்று. ஸ்டிக்குகள் பெரும்பாலும் நொடிக்கு 60 தடவை திரையைப் புதுப்பிக்கும்படி அமைந்து வருகின்றன. 25 படத்தை 60 தடவைக்குள் சமமாகப் பிரிக்க முடியாது. சில படங்கள் இரண்டு தடவையும் சில மூன்று தடவையும் நிற்கும். கேமரா கூட்டத்தின் மேல் மெல்லத் திரும்பும் இடத்தில் பாருங்கள், தத்தித் தத்தி நகரும். வெளியீட்டை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் வழுக்கிக்கொண்டு போகும். ஃபைலைப் பார்த்துத் தானாகவே மாறிக்கொள்ளும் வசதியும் சில பிளேயர்களில் உண்டு. பழைய குடும்ப வீடியோ நிறைய வைத்திருப்பவர்கள் 4கே ஸ்டிக்கரைவிட இந்த வசதி இருக்கிறதா என்று விசாரிப்பது நல்லது.

சுவர் விஷயத்தில் மதுரை வீடுகள் கொஞ்சம் பிடிவாதமானவை. மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரை பூசிய கனத்த சுவர்கள். அண்ணா நகர், கே.கே. நகர்ப் பக்கம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும், கம்பி கட்டிய காங்கிரீட் தளமும். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் உண்டு, இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் துளைத்துப் போகும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான். நெருக்கமான தெருவில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அந்த மூன்றையே பங்குபோட்டுக்கொள்கின்றன.

சர்வரும் வைஃபையில், பிளேயரும் வைஃபையில் என்றால் ஒரே வீடியோ காற்றில் இரண்டு முறை பயணிக்கிறது: சர்வரிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து டிவிக்கு மறுமுறை. பாதி நெரிசல் இதனால்தான். சர்வரை ரவுட்டருக்குப் பக்கத்திலேயே வைத்துக் கேபிளில் இணைத்துவிடுங்கள். மாடி டிவிக்கும் கேட்-6 கேபிள் இழுத்துவிட்டால் பிறகு கவலையே இல்லை. கேபிள் டிவிக்காகப் போட்ட பைப் ஏற்கெனவே சுவருக்குள் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். பல வீடுகளில் அதே பைப்பில் இதுவும் நுழைந்துவிடும். நூறு மீட்டர் வரை தாராளமாகப் போகலாம். மாடிக்கு எதற்கு அவ்வளவு!

சர்வருக்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டாம். தமிழக அரசு 2011இல் மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்புகள் எத்தனையோ வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. ஃபைலை அப்படியே அனுப்பும் வேலைக்கு அவை போதும். பேட்டரி இன்னும் உயிரோடிருந்தால் கரண்ட் போகும் சமயங்களில் அதுவே காவல். ஓடும்போதே மாற்றித் தரும் வேலையும் வேண்டுமென்றால், 2015இல் வந்த ஆறாம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்குப் புதியதைத் தேடுங்கள். அந்தச் சிப்புகளுக்குள் எச்இவிசிக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. மென்பொருளுக்கு ஜெல்லிஃபின் என் தேர்வு. 2018இல் எம்பி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வளர்ந்த இலவசத் திட்டம் அது. கீழே பாதி பார்த்து நிறுத்திய வீடியோவை மாடியில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஹார்ட் டிஸ்க்குக்கு இன்னொரு பிரதி எடுத்து வேறு வீட்டில் வைத்திருங்கள். அந்தக் கேசட்டுகளை மறுபடி ஓட்டிப் பதிவது இனி நடக்கும் காரியமில்லை.

பெயரில்லாத மலிவான ஆண்ட்ராய்டு பாக்ஸ்களைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். தொழிற்சாலையிலிருந்தே தீங்கு நிரல் ஏறிய பெட்டிகள் அவற்றில் உண்டு. ‘பேட்பாக்ஸ் 2.0’ என்ற அந்த வலையைப் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது. குடும்பப் படங்கள் இருக்கும் நெட்வொர்க்குக்குள் அப்படியொன்றை விடக் கூடாது. நல்ல ஸ்டிக் வாங்கினாலும், டிவியின் யூஎஸ்பியில் கரண்ட் எடுக்காமல் அதனோடு வந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள். கூடவே வரும் குட்டை எச்டிஎம்ஐ இணைப்பையும் மாட்டுங்கள். டிவியின் முதுகை ஒட்டி இருந்தால் சித்திரை, வைகாசி வெயிலில் ஸ்டிக் கொதித்து வேகம் குறையும்.

கடைக்குக் கிளம்பும் முன் ஒரு சோதனை. விசிடி, டிவிடி, ஹேண்டிகேம், போன் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சிறு ஃபைலைப் பென்டிரைவில் எடுத்து, வீட்டில் இருக்கும் ஒவ்வொரு டிவியிலும் போட்டுப் பாருங்கள். ஒலி வருகிறதா, கைகளின் ஓரத்தில் கோடு தெரிகிறதா, கேமரா திரும்பும்போது தத்துகிறதா என்று கவனியுங்கள். நான்கும் ஒழுங்காக ஓடி, ஜெல்லிஃபின் ஆப்பும் ஏறுகிற டிவிக்கு எந்தப் பெட்டியும் தேவையில்லை. மற்ற டிவிகளுக்கு எது ஓடவில்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு டவுன் ஹால் ரோட்டுக்குப் போங்கள். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி அந்தத் தாளிலேயே இருக்கும்.