சேணம் கட்டுனா கடிக்குதா..? குதிரைக்கு வயித்துப் புண்ணா இருக்கலாம்!

கொடைக்கானல்: ஏப்ரல், மே சீசனில் ஏரியைச் சுற்றி சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் குதிரைகளுக்கு ஓய்வு கிடைப்பதே அபூர்வம். நேற்று வரை சாதுவாக இருந்த குதிரை திடீரென்று கடிக்க வரும். காலைத் தூக்கும். கொள்ளு வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "திமிர் புடிச்சிருச்சு" என்று நாலு அடி போடுபவர்கள் உண்டு. ஆனால் அது திமிர் இல்லை, வலியாக இருக்கலாம். குதிரைகளுக்கு வயிற்றுப் புண் சர்வ சாதாரணமாக வரும் நோய்.

ஏன் வருகிறது?

குதிரையின் வயிற்றில் தீவனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 24 மணி நேரமும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அமிலத்தின் வேகத்தைக் குறைப்பது உமிழ்நீர். குதிரைக்கு உமிழ்நீர் சுரப்பதோ மென்று தின்னும்போது மட்டும்தான். காலையில் கொஞ்சம் கொள்ளு, தவிடு போட்டுவிட்டு சாயங்காலம் வரை வெறும் வயிற்றில் சவாரி விட்டால் என்ன ஆகும்? ஓடும்போது அமிலம் மேலே தெறிக்கும். வயிற்றின் மேல் பகுதிக்கு கீழ் பகுதி மாதிரி வழவழப்பான பாதுகாப்பு கிடையாது. அங்கேதான் புண் வருகிறது. கால் வலிக்கு நாள்கணக்கில் கொடுக்கும் வலி மருந்துகளாலும் புண் வரலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* தீவனத்தில் நாலு வாய் தின்றுவிட்டு நிறுத்திவிடும். முக்கியமாக கொள்ளு, தவிட்டை மிச்சம் வைக்கும்.
* வயிற்று வாரை இறுக்கும்போது காதை மடக்கும், கடிக்கும், உதைக்கும்.
* தின்ற கொஞ்ச நேரத்தில் லேசான வயிற்று வலி வந்து போகும். விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும்.
* பல்லை நறநறவென்று கடிக்கும். அடிக்கடி கொட்டாவி விடும்.
* உடம்பு இளைக்கும். முடி பளபளப்பு போய்விடும். ஓட மனசு வராது.
* குட்டியாக இருந்தால் எச்சில் ஒழுகும், மல்லாக்கப் படுத்துக்கொள்ளும்.

லத்தி கறுப்பாகப் போனால்தான் புண் என்று காத்திருக்க வேண்டாம். பெரும்பாலும் லத்தியில் எதுவும் தெரியாது. அதேபோல் இந்த அறிகுறி இருந்தாலே புண்தான் என்றும் முடிவு கட்டக்கூடாது. பல் கோளாறு, குடல் புழு, சேணம் உரசிய காயம் இருந்தாலும் இப்படித்தான் செய்யும். சுமார் 3 மீட்டர் நீளக் குழாய் கேமராவை வயிற்றுக்குள் விட்டுப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். அந்த வசதி எல்லா ஊரிலும் கிடையாது. அதனால் கால்நடை டாக்டரிடம் அறிகுறிகளை ஒன்று விடாமல் சொல்வது அவசியம்.

என்ன செய்யலாம்?

புண்ணுக்கு ஒமிப்ரசோல் என்ற மருந்து நன்றாகக் கேட்கும். பொதுவாக நாலு வாரம் வரை கொடுக்க வேண்டியிருக்கும். அதற்காக மெடிக்கல் ஷாப்பில் மனுஷனுக்கு விற்கும் மாத்திரையை நாமே வாங்கிப் போட்டால் வேலைக்கு ஆகாது. குதிரைக்கு அளவே வேறு. டாக்டர் சொன்னபடிதான் கொடுக்க வேண்டும்.

மருந்தை விட முக்கியம் தீவன முறை. 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு குறைந்தது நாலரை கிலோ காய்ந்த புல் வேண்டும். அதையும் ஒரேயடியாகப் போடாமல் பிரித்துப் பிரித்துப் போட வேண்டும். பகலில் 6 மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக்கூடாது. சவாரிக்கு முன் இரண்டு கை புல் தின்னவிட்டு கிளப்புங்கள். சவாரி இடைவெளியில் ஒரு வலைப்பையில் புல்லைக் கட்டித் தொங்கவிட்டால் அது பாட்டுக்கு மென்றுகொண்டிருக்கும். கொள்ளு, தவிட்டை ஒரே வேளையில் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். தண்ணீர் எப்போதும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

உஷார்!

குதிரை தரையில் விழுந்து புரண்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, லத்தி போடாமல் வயிற்றை உதைத்துக்கொண்டாலோ ஒரு நிமிஷம்கூட தாமதிக்கக்கூடாது. அது உயிருக்கே ஆபத்தான வயிற்று வலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. கை வைத்தியம் பார்க்காமல் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம்.

சீசனில் ஒரு குதிரை படுத்தால் அதை நம்பி இருக்கும் குடும்பத்தின் வருமானமும் படுத்துவிடும். அடிக்கக் கையை ஓங்குவதற்கு முன்னால், அது கடைசியாக எப்போது புல் தின்றது என்று யோசித்துப் பாருங்கள்.