வெயில் தின்ற காரை வாங்கலாமா?

அண்மையில் என் மருமகன் கடை வேலைக்கு ஒரு பழைய கார் பார்க்க என்னையும் அழைத்துச் சென்றார். இரண்டு கார்கள் பார்த்தோம். ஒன்று புதிதாகப் பெயின்ட் அடித்துப் பளபளத்தது. மற்றது தொண்ணூறுகளில் வந்த டொயோட்டா கொரோலா. கூரையில் பெயின்ட் உரிந்து, டேஷ்போர்ட் வெடித்து, முன் விளக்குகள் மஞ்சளித்திருந்தன. "மாமா, இது சரிவராது" என்றார் மருமகன். நான் அதனருகில்தான் அதிக நேரம் நின்றேன்.

காரணம், பளபளப்பை நம்பி ஒருமுறை நட்டப்பட்டவன் நான். சில மாதங்களிலேயே புதுப் பெயின்டுக்கு அடியிலிருந்து துரு கொப்பளித்தது. டிங்கரிங் வேலைக்குப் போனது, கடைக்குச் சரக்கெடுக்க வைத்திருந்த முதல்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதியில், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இடையில் பழைய கார்களின் விலையும் ஏறியது. எனவே பிழையான காரை வாங்கினால் நட்டமும் பெரிது.

வெயில் மேலிருந்து தின்னும். துரு கீழிருந்து தின்னும். வெளிறிய பெயின்ட், வெடித்த டேஷ்போர்ட் என்பன கண்ணுக்குத்தான் குறை. விலையைக் குறைத்துப் பேச அவை உதவும். ஆனால் வெயில் ரப்பரையும் கெடுக்கும். கண்ணாடியைச் சுற்றியுள்ள பீடிங் இறுகினால் மழைநீர் உள்ளே இறங்கி, தரைத் தகட்டில் துரு பிடிக்கும். ஆகவே கார்பெட்டையும் ஸ்பெயார் டயரையும் தூக்கிப் பாருங்கள். கடலோர ஊர்களில் ஓடிய வாகனமானால் அடிப்பகுதியை உயர்த்தியே பார்க்க வேண்டும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவின் கீழ்ப்பகுதியில் வையுங்கள். ஒட்டாவிட்டால் அடியில் புட்டி இருக்கிறது.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. ஒயில் மூடியின் உட்புறம் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். மெக்கானிக்கிடம் காட்டாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பூ தேயாவிட்டாலும் வெயிலில் வெடித்த டயர் ஆபத்தானது.

கடைசியாக, செஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்துடன் பொருந்த வேண்டும். விற்பவரின் பெயர் புத்தகத்தில் இருக்கிறதா, லீசிங் கடன் முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

அன்று பளபளத்த காரில் காந்தம் நழுவி விழுந்தது. கொரோலாவின் தரைத் தகடு காய்ந்து, சுத்தமாக இருந்தது. டயர், ரப்பர் குழாய்கள், பீடிங் ஆகியவற்றுக்கான செலவைக் கணக்கிட்டு, அதை விலையில் கழித்துப் பேசி வாங்கினோம். மருமகன் முதலில் மாற்றியதும் அவற்றைத்தான். கூரைக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. கார் நாள்தோறும் சரக்கேற்றி ஓடுகிறது.