துப்பாக்கிக் குண்டுக்குள் ஒரு சின்னக் குமிழி: குறி எவ்வளவு தவறும்?

2024 ஜூலை 28, பாரிஸ் ஒலிம்பிக். பெண்களுக்கான 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்று. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 60 முறை சுட்டு 630.7 புள்ளிகள் எடுத்தார். கிடைத்தது 10ஆவது இடம். இறுதிச் சுற்றுக்குப் போவது முதல் 8 பேர்தான். அதே இந்திய அணியின் ரமிதா 631.5 புள்ளிகளோடு 5ஆவதாக உள்ளே போய்விட்டார்.

வித்தியாசம் வெறும் 0.8 புள்ளி. அந்த இலக்கு அட்டையில் 0.1 புள்ளி என்பது கால் மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 60 குண்டுகளுக்கும் சேர்த்தே இருவருக்கும் இடையில் இருந்தது 2 மில்லிமீட்டர்!

குறி தவறினால் கை ஆடிவிட்டது, மூச்சு தப்பிவிட்டது என்போம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் இவ்வளவு நுணுக்கமான விளையாட்டில் குண்டிலேயே குறை இருந்தால் என்ன ஆகும்?

குண்டில் குறை எப்படி வருகிறது?

குண்டு செய்யப் பழங்காலத்திலிருந்து இருக்கும் வழி வார்ப்பு. காரீயத்தை உருக்கி அச்சில் ஊற்றி, ஆறியதும் எடுப்பது. அச்சோ உலோகமோ போதிய சூடாக இல்லையென்றால் மேலே சுருக்கம் விழும், விளிம்புகள் முழுசாக நிரம்பாது. உலோகம் உறையும்போது சுருங்கும் என்பதால் உள்ளே வெற்றிடமும் உண்டாகலாம். வெளியே பளபளவென்று இருக்கும் குண்டுக்குள் ஒரு குமிழி ஒளிந்திருப்பது இப்படித்தான்.

இதைக் குறைக்கக் காரீயத்தோடு கொஞ்சம் வெள்ளீயம் சேர்ப்பார்கள். அப்போது உருகிய உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நன்றாக ஓடிப் பிடிக்கும்.

இந்த வெள்ளீயம் நமக்குப் புதிது இல்லை. ‘ஈயச் சுரங்கம்’ என்று நம் தாத்தா பாட்டி சொன்னது இதைத்தான். 1857-இல் கிள்ளானிலிருந்து ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் ஆற்று வழியாகப் போய் அம்பாங்கில் தோண்டியதும் இதற்காகவே. கோலாலம்பூர் வளர்ந்த கதை அங்கே தொடங்குகிறது. செத்தாப்பாக்கில் உள்ள ராயல் சிலாங்கூர் தொழிற்சாலையில் பியூட்டர் பாத்திரங்களை வார்ப்பதும் பெரும்பகுதி வெள்ளீயத்தால்தான்.

பம்பரம் சொல்லும் பாடம்

ஆணி நடுவில் இல்லாத பம்பரத்தைச் சுற்றிப் பார்த்திருக்கிறீர்களா? நிற்காது, தள்ளாடும். குமிழி உள்ள குண்டும் அப்படித்தான்.

ரைஃபிள் குழலின் உள்ளே முறுக்கிச் செல்லும் பள்ளங்கள் இருக்கும். அவைதான் குண்டைச் சுழல வைத்து நேராகப் பறக்கச் செய்கின்றன. குண்டின் எடை மையம் சரியாக நடுவில் இருந்தால் பிரச்சினை இல்லை. குமிழி ஒரு பக்கமாக இருந்தால் எடை மையம் மறுபக்கம் நகர்ந்துவிடும். குழலுக்குள் இருக்கும்வரை சுவர் பிடித்து வைத்திருக்கும். வாயை விட்டு வெளியே வந்ததும் கவணிலிருந்து கல் பறப்பதுபோல் குண்டு பக்கவாட்டில் விலகும்.

எவ்வளவு விலகும்? 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்குள்ள குழலிலிருந்து, விநாடிக்கு 500 மீட்டர் வேகத்தில் வெளியேறும் குண்டு விநாடிக்கு ஏறக்குறைய 2,000 முறை சுழலும். எடை மையம் 0.01 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால் போதும், 100 மீட்டர் தூரத்தில் அது சுமார் 2.5 சென்டிமீட்டர் தள்ளி விழும். 0.01 மில்லிமீட்டர் என்பது தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைவு!

இதில் இன்னொரு தொல்லை. எல்லாக் குண்டும் ஒரே பக்கம் விலகினால் குறிபார்வையைத் திருத்திக்கொள்ளலாம். குமிழி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பக்கம் இருப்பதால் ஒன்று இடப்பக்கம் போகும், அடுத்தது மேலே போகும்.

மூக்கா, அடிப்பகுதியா?

குண்டின் கூர்முனை நசுங்கினால்தான் ஆபத்து என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. அமெரிக்கரான ஃபிராங்க்லின் மேன் குண்டுகளை வேண்டுமென்றே சேதப்படுத்திச் சுட்டுப் பார்த்து, முடிவுகளை 1909-இல் நூலாக வெளியிட்டார். முனையில் உள்ள குறையைவிட அடிப்பகுதியில் உள்ள குறைதான் குறியை அதிகம் கெடுக்கிறது என்று தெரிந்தது.

காரணம் எளிது. குழலிலிருந்து கடைசியாக வெளியே வருவது அடிப்பகுதி. அதன் விளிம்பு ஒரு பக்கம் உடைந்திருந்தால், பின்னால் தள்ளும் வாயு அந்தப் பக்கமாக முதலில் பீறிட்டுக் குண்டைச் சாய்த்துவிடும்.

எடை பார்த்தால் போதாதா?

ஓரளவுக்கு உதவும். மற்றவற்றைவிட எடை குறைந்த குண்டில் குமிழி இருக்கலாம் என்று ஒதுக்கலாம். ஆனால் அந்தக் குமிழி எங்கே இருக்கிறது என்று தராசு சொல்லாது. நட்டநடுவில் இருந்தால் பெரிய பாதிப்பில்லை. ஓரத்தில் இருந்தால், சின்னதாக இருந்தாலும் வம்புதான்.

அதனால்தான் 10 மீட்டர் போட்டிக்கான 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டுகளைப் பொதுவாக வார்ப்பதில்லை. காரீயக் கம்பியை வெட்டி அச்சில் அழுத்திச் செய்கிறார்கள். அப்படியும் ஒரு தொகுதிக்கும் மறு தொகுதிக்கும் சிறு வேறுபாடு இருக்கும். முன்னணி வீரர்கள் துப்பாக்கியை அசையாமல் பொருத்தி, பல தொகுதிகளைச் சுட்டுச் சோதிப்பார்கள். எது நெருக்கமாக விழுகிறதோ அந்தத் தொகுதி எண்ணையே மொத்தமாக வாங்கி வைப்பார்கள்.

உங்களுக்கும் சுடும் ஆசை வந்துவிட்டதா?

2017 சீ விளையாட்டுப் போட்டியின் துப்பாக்கி சுடும் பிரிவு நடந்தது கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே, சுபாங்கில்தான். ஆனால் ஒன்று: மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஏர் ரைஃபிளுக்கும் பொருந்தும். உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாது, வீட்டில் குண்டு வார்த்துப் பார்க்கவும் கூடாது. முறையான சங்கம் வழியாகப் போவதே வழி. காரீயம் நச்சு உலோகம் என்பதால் சுட்டு முடித்ததும் கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். புதிதாகச் சுடுபவரின் கை ஆட்டத்துக்கு முன்னால் குண்டின் குறை ஒன்றுமே இல்லை. முதல் நாளே 9-ஐத் தவறவிட்டுவிட்டுப் பெல்லட்டைத் திட்டாதீர்கள். அந்தக் கால் மில்லிமீட்டரைப் பற்றிக் கவலைப்படும் நிலைக்கு வந்துவிட்டால், நீங்கள் ஏற்கெனவே நல்ல வீரர்தான்.