தூக்கத்தை அளக்கும் வினாத்தாளும் வடசென்னையின் இரவுகளும்

ஒருவருடைய தூக்கத்தின் தரத்தை அறிய உலகெங்கும் ஆய்வாளர்கள் பெரிதும் நம்பியிருப்பது ஒரு வினாத்தாளை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் பைசேயும் அவருடைய குழுவினரும் உருவாக்கி 1989-இல் வெளியிட்ட 'பிட்ஸ்பர்க் தூக்கத் தர அளவீடு', கடந்த ஒரு மாதத்தில் எத்தனை மணிக்குப் படுத்தார், கண் அயர எவ்வளவு நேரமாயிற்று, இடையில் எதனால் விழித்தார் என்பன போன்ற 19 கேள்விகளைக் கேட்டு, விடைகளை ஏழு கூறுகளாகத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுகிறது. மொத்தம் 21-இல் 5-ஐத் தாண்டினால் தூக்கம் குறைபாடுடையது என்பது கணக்கு.

இதை அரபு மொழிக்குக் கொண்டுசென்ற ஆய்வு 2010-இல் வெளியாயிற்று. இத்தகைய பணியில், ஒருவர் மொழிபெயர்த்ததை மூலத்தைப் பார்த்திராத இன்னொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிடுவது முதற்படி மட்டுமே. ஒரே பொருளைக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் தம்முள் இசைகின்றனவா என்று பார்ப்பது உள்ளிசைவு. சில நாள் கழித்துக் கேட்டாலும் அதே விடை வருகிறதா என்று பார்ப்பது மறுசோதனை. தூக்க ஆய்வகப் பதிவு போன்ற வேறோர் அளவையோடு ஒப்பிட்டு, அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறதா என்று உறுதிசெய்வது ஏற்புடைமை. இவற்றையெல்லாம் கடந்த பிறகே ஒரு வினாத்தாள் புதிய மொழியில் அளவுகோலாகிறது.

சென்னைக்கு இப்பணி புதிதன்று. உலக சுகாதார நிறுவனம் 1990-களில் வாழ்க்கைத் தர வினாத்தாளை உருவாக்கியபோது, கேள்விகளை ஓரிடத்தில் எழுதிப் பிற மொழிகளுக்கு அனுப்பாமல், பல நாட்டு மக்களிடமும் ஒருங்கே பேசித் திரட்டியது. அதற்கெனத் தேர்ந்த 15 மையங்களில் அன்றைய மதராஸும் ஒன்று. அதன் 26 கேள்விச் சுருக்கத்தில், தூக்கம் எவ்வளவு நிறைவளிக்கிறது என்ற கேள்வியும் இடம்பெற்றிருக்கிறது.

ஆயினும் திருத்தமான தமிழில் அமைந்த வினாத்தாள்கூட ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான வடசென்னைப் பகுதியில் தடுமாறக்கூடும். வழக்கமாக இரவில் எத்தனை மணிக்குப் படுப்பீர்கள் என்ற கேள்வி, பகல் ஷிப்டும் நைட் ஷிப்டும் மாறிமாறிப் பார்க்கும் ஆலைத் தொழிலாளிக்கும், விடியலுக்கு முன்பே கடலுக்குள் செல்லும் மீனவருக்கும் பொருந்தாது. அவர்களுக்கு 'வழக்கம்' என ஒரே நேரம் கிடையாது. மேலும் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை நிலவுவதால், காசிமேட்டு விசைப்படகுத் தொழிலாளியிடம் கடந்த ஒரு மாதத்தைப் பற்றி மே இறுதியில் கேட்பதும் ஜூலை இறுதியில் கேட்பதும் இருவேறு வாழ்க்கைகளைக் கேட்பதாகும். ஆய்வு எந்த மாதத்தில் நடந்தது என்பதைச் சொல்லாத எண்ணை இங்கே நம்ப இயலாது.

விழிப்புக்கான காரணங்களிலும் இதே இடைவெளி இருக்கிறது. குளிர், வெப்பம், இருமல், கெட்ட கனவு, வலி ஆகியன பிட்ஸ்பர்க் பட்டியலில் பெயரோடு நிற்கின்றன. ஆலைப் புகையின் நெடியும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலும் 'வேறு காரணம்' என்ற ஒற்றை வரியில் அடங்க வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பர் 26 இரவு, உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, எண்ணூர் பெரியகுப்பம் மக்கள் மூச்சுத்திணறலோடு எழுந்து வீட்டைவிட்டு வெளியேறினர். அத்தகைய ஊரில் நெடிக்கெனத் தனிக் கேள்வி இல்லாத வினாத்தாள், தூக்கம் கெட்டதைக் காட்டினாலும் கெடுத்தது எதுவென்பதைக் காட்டாது.

கேள்விகளை இடத்துக்கேற்ப மாற்றுவது முறைகேடாகாது. மரே ஜான்ஸ் ஆஸ்திரேலியாவில் உருவாக்கி 1991-இல் வெளியிட்ட, பகல்தூக்கத்தை அளக்கும் எப்வொர்த் அளவுகோலில், கார் போக்குவரத்தில் சில நிமிடம் நிற்கையில் கண் அயர்வீர்களா என்றொரு கேள்வி உண்டு. கார் இல்லாதவருக்கு அக்கேள்வி பொருந்தாது. வட இந்தியாவில் அந்த அளவுகோலின் இந்தி வடிவைச் சரிபார்த்தவர்கள் மூலத்தை அப்படியே வைத்துக்கொள்ளாமல் திருத்தியமைத்தே பயன்படுத்தினர். வடசென்னைக்கான தமிழ் வடிவமும் கல்லூரி மாணவர்களோடு நின்றுவிடாமல், ஷிப்ட் தொழிலாளர், மீனவர், மீன் விற்கும் பெண்கள், லாரி ஓட்டுநர்கள் ஆகியோரிடம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாய்மொழியாகக் கேட்டும், சோதிக்கப்பட வேண்டும். 5 என்ற எல்லையெண்கூடப் பிட்ஸ்பர்க்கில் நலமாக உறங்கியோரையும் தூக்கக் கோளாறும் மனச்சோர்வும் உள்ளோரையும் ஒப்பிட்டுக் கண்டதே. இப்பகுதிக்கு அது எத்தனை என்பதை இங்குள்ளோரின் தூக்கத்தைப் பதிவுசெய்து புதிதாகக் கணிக்க வேண்டும்.