விலக்கு ஆளுக்கல்ல, கம்பிக்கு

மின் தட்டுப்பாடு வந்தால் என்ன செய்வது என்று சுவிஸ் அரசு 2022 நவம்பர் 23-ல் வெளியிட்ட வரைவுகளுக்குக் கருத்துச் சொல்ல அந்த ஆண்டு டிசம்பர் 12 கடைசி நாளாக இருந்தது. வாசகர் கடிதங்களில் அப்போது திரும்பத் திரும்ப வந்தது ஒரே குழப்பம்: வைத்தியசாலைகளுக்கு மின்சாரம் நிற்காது என்கிறார்களே, வீட்டில் ஒட்சிசன் இயந்திரத்தோடு இருப்பவருக்கும் அது பொருந்துமா? பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வரைவின் கடைசிக் கட்டத்துக்கு அதிகாரிகள் வைத்த பெயர் ‘சுழற்சி முறை வலையமைப்பு நிறுத்தம்’. எங்கள் மொழியில் அது மின்வெட்டு. ஒஸ்ட்ரால் என்ற அமைப்பின் திட்டப்படி 4 மணி நேரம் இருட்டு, பிறகு 8 மணி நேரம் மின்சாரம். நிலைமை முற்றினால் 4-க்கு 4. 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேர வெட்டைக் கண்ட இலங்கையோடு ஒப்பிட்டால் இது சிறிதுதான். ஆனால் வெட்டும் விதம் இரண்டு நாட்டிலும் ஒன்றே. மின்சாரத்தை நிறுத்தும் ஆளி உங்கள் வீட்டு வாசலில் இல்லை, துணை மின்நிலையத்தில் இருக்கிறது. அதைத் திருப்பினால் ஒரு குடியிருப்புப் பகுதி முழுவதும் இருளும். வைத்தியசாலை, தீயணைப்பு, குடிநீர் வழங்கல் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு என்ற வாக்குறுதிக்குப் பின்னால் ‘தொழில்நுட்ப ரீதியாக இயலுமானால்’ என்ற வால் ஒட்டியிருப்பது இதனால்தான். தனிக் கம்பி போகும் கட்டடத்தைக் காப்பாற்றலாம். அதே கம்பியில் தற்செயலாகத் தொங்கும் கடைக்கும் மின்சாரம் கிடைக்கும். எதிர்த் தெருவில் மூச்சுக்கு இயந்திரத்தை நம்பியிருப்பவருக்குக் கிடைக்காது. விலக்கைத் தீர்மானிப்பது தேவை அல்ல, கம்பி போகும் வழி.

‘நேரத்தை முன்கூட்டியே சொல்வோம், பற்றரி வைத்துக்கொள்ளலாமே’ என்பது முதல் மறுப்பு. கணக்குப் பார்ப்போம். வீட்டில் நிலையாக வைக்கும் ஒட்சிசன் இயந்திரம் சுமார் 350 வாற் இழுக்கும். 4 மணி நேரத்துக்கு 1.4 கிலோவாற் மணி வேண்டும். கைத்தொலைபேசிக்கு வாங்கும் பெரிய பவர் பேங்கில் இருப்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சிலிண்டர்? 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 2 லீற்றர் சிலிண்டரில் ஏறக்குறைய 400 லீற்றர் வாயு இருக்கும். நிமிடத்துக்கு 2 லீற்றர் வீதம் தொடர்ந்து விட்டால் 200 நிமிடத்தில் தீரும். வெட்டோ 240 நிமிடம். ‘வைத்தியசாலைக்குப் போகட்டும்’ என்பது அடுத்த மறுப்பு. லிப்ட் நின்ற கட்டடத்தின் நான்காம் மாடியிலிருந்து, ஒரு நாளைக்கு இரண்டு தடவை, எத்தனை நாளைக்கு? ‘இது கடைசிக் கட்டம், வராமலே போகலாம்’ என்கிறார்கள். வராமல் போகட்டும். ஆனால் அந்தக் கட்டத்துக்காகவே எழுதிய திட்டத்தில் வீட்டில் ஒட்சிசனோடு இருப்பவர்களுக்கு ஓர் இடம் இருந்திருக்க வேண்டும்.

அதனால் வீடுகளுக்கு விலக்குக் கேட்பதில் பயனில்லை, கம்பி இடம்தராது. கேட்க வேண்டியது, வெட்டு தொடங்கும் முன் பற்றரியோ பெரிய சிலிண்டரோ வாசலுக்கு வந்து சேரும் ஏற்பாடு. சுவிஸில் சுமார் 600 மின் விநியோக நிறுவனங்கள் இருக்கின்றன, அவற்றிடம் நோயாளர் பட்டியலைக் கொடுப்பது அந்தரங்கத்துக்கு ஆபத்து என்று வாதிடலாம். நியாயமான பயம். ஆனால் அப்படிக் கொடுக்கவே தேவையில்லை. நுரையீரல் கழகம் (லுங்கன்லீகா) போல இயந்திரத்தை வாடகைக்குக் கொடுத்தவர்களிடம் முகவரி ஏற்கெனவே இருக்கிறது. மின் நிறுவனம் வெட்டு நேரத்தை அவர்களுக்குச் சொன்னால் போதும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

இன்சுலின் கெடுமா? திறக்காத குளிர்சாதனப் பெட்டி 4 மணி நேரம் தாங்கும். பாவனையில் உள்ள பேனா அறை வெப்பத்திலேயே சில வாரம் இருக்கலாம்.

பல்கனியில் வைக்கலாமா? வேண்டாம், உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான்.

ஜெனரேட்டர்? வீட்டுக்குள் ஒருபோதும் வேண்டாம். காபன் மொனொக்சைட்டு கொல்லும்.

அம்புலன்ஸுக்கு 144-ஐ அழைக்கலாமா? இணையவழித் தொலைபேசி ரவுட்டரோடு சேர்ந்து நிற்கும். கைத்தொலைபேசிக் கோபுரங்களையும் நெடுநேரம் நம்ப முடியாது.

கருத்து எழுத சுவிஸ் கடவுச்சீட்டு வேண்டுமா? வேண்டாம், அரசின் கருத்துக்கேட்பில் எவரும் பங்கெடுக்கலாம்.