நிலாப் படத்தில் நட்சத்திரம் எங்கே?

மாணவர்களே! உங்களிடம் ஒருவர் வந்து, "மனிதன் நிலாவுக்குப் போனான் என்பதெல்லாம் பொய். அங்கே எடுத்த படங்களில் ஒரு நட்சத்திரமாவது தெரிகிறதா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? சிரித்துவிட்டுப் போவீர்களா? அல்லது நின்று பதில் சொல்வீர்களா?

இந்தக் கேள்வியைக் கடியப்பட்டணம் கடற்கரையில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நான் கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறவன். இருந்தும் அன்று நான் சொன்ன முதல் பதில் தவறான பதில். அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

2026 ஏப்ரலில் ரீட் வைஸ்மன், விக்டர் குளோவர், கிறிஸ்டினா கோச், ஜெரமி ஹான்சன் ஆகிய நால்வர் ஆர்ட்டெமிஸ் 2 பயணத்தில் நிலாவைச் சுற்றிவிட்டுத் திரும்பினார்கள். அவர்கள் நிலாவில் இறங்கவில்லை. ஆனாலும் 1972 டிசம்பருக்குப் பிறகு மனிதர் நிலாவருகே சென்றது அதுவே முதல் தடவை. அவர்கள் எடுத்த படங்கள் கைபேசி வழியாக எல்லா ஊர்களுக்கும் வந்து சேர்ந்தன. பார்த்தவர்களில் பாதிப் பேர் வியந்தார்கள். மீதிப் பேர் சந்தேகப்பட்டார்கள்.

அந்த நாட்களில் ஒரு மாலை, வள்ளியாறு கடலில் கலக்கும் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். கரையேற்றிய வள்ளத்தின் நிழலில் ஒரு பெரியவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். பத்தாம் வகுப்பு படிக்கும் அவருடைய பேரன், கைபேசியில் நிலாப் படங்களை அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தான். ஆர்ட்டெமிஸ் படங்களோடு பழைய அப்போலோ படங்களும் இருந்தன.

பெரியவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "சாரே, நான் அம்பது வருசம் கடல்ல போனவன். கரையை விட்டு உள்ளே போகப் போக வெள்ளி கூடும். காத்தே இல்லாத எடத்துல இன்னும் கூடணுமா இல்லியா? இதுல ஒரு வெள்ளிகூட இல்லியே. எங்கயோ கொட்டகைக்குள்ள வச்சு எடுத்ததுதானே?"

பேரன் சிரித்துவிட்டான். "பாட்டாவுக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றான். நானும், "உலகத்து விஞ்ஞானிகள் எல்லாரும் ஒத்துக்கொண்டது பாட்டா" என்று சொல்லிவிட்டேன். பெரியவர் அதற்குமேல் பேசவில்லை. தலையைக் குனிந்து வலையைப் பின்னத் தொடங்கினார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு உறுத்தலாக இருந்தது. அவர் கேட்டது நல்ல கேள்வி. அனுபவத்திலிருந்து வந்த கேள்வி. நான் சொன்னதோ பதிலே அல்ல. பெரிய ஆட்களின் பெயரைச் சொல்லி ஒருவரின் வாயை அடைத்தேன், அவ்வளவுதான். "பெரியவர்கள் சொன்னார்கள், நம்பு" என்பதை எதிர்த்துத்தானே அறிவியலே வளர்ந்தது?

ஒரு கைபேசி, ஒரு விளக்கு

மறுவாரம் நிலா இல்லாத ஓர் இரவில் மீண்டும் போனேன். பெரியவரை வள்ளத்தருகே நிற்கச் சொல்லி, மீன் இறக்கும்போது பயன்படுத்தும் எல்.இ.டி. விளக்கை அவர்மேல் அடிக்கச் செய்து ஒரு படம் எடுத்தேன். முகம், சட்டை, வள்ளத்தின் பலகை எல்லாம் தெளிவாக விழுந்தன. பின்னால் வானம் ஒரே கறுப்பு.

பிறகு விளக்கை அணைத்தோம். கைபேசியை வள்ளத்தின் விளிம்பில் அசையாமல் சாய்த்து வைத்து, 10 விநாடி ஒளி விழும்படி அமைத்து இன்னொரு படம் எடுத்தேன். இப்போது வானம் நிறைய வெள்ளிகள்! பெரியவர்தான் கறுப்பு நிழலாகக் கலங்கிப்போய் நின்றார்.

இரண்டு படங்களையும் அவர் கையில் கொடுத்து, "பாட்டா, முதல் படத்தில் வெள்ளியே இல்லையே. நீங்கள் கொட்டகைக்குள்ளா நின்றீர்கள்?" என்று கேட்டேன். அவர் படங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

காரணம் என்ன?

காமிராவின் மூடி எவ்வளவு நேரம் திறக்கிறதோ, அவ்வளவு நேரமே ஒளி உள்ளே செல்லும். அப்போலோ வீரர்கள் இறங்கியதெல்லாம் நிலாவின் பகல் வேளையில். வெயில் படும் தரை, வெள்ளை உடை, கண்ணைப் பறிக்கும் ஒளி! அதைப் படம்பிடிக்க அவர்கள் காமிராவை 1/250 விநாடி மட்டுமே திறந்தார்கள். மங்கலான நட்சத்திரங்கள் தெரியும்படி நாம் திறந்து வைத்தது 10 விநாடி. கணக்குப் போடுங்கள்: 10 x 250 = 2500. அதாவது, நட்சத்திரம் பதிய வேண்டுமானால் இரண்டாயிரம் மடங்குக்கு மேல் நேரம் திறந்திருக்க வேண்டும். அப்படித் திறந்தால் வீரரும் தரையும் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க முடியாது.

அப்படியானால், நிலாவிலிருந்து நட்சத்திரங்களைப் படமே எடுக்கவில்லையா? எடுத்தார்கள்! 1972 ஏப்ரலில் அப்போலோ 16 வீரர்கள், ஜார்ஜ் கரதர்ஸ் என்ற விஞ்ஞானி வடிவமைத்த புற ஊதா காமிராவை நிலாத் தரையில் நிறுத்தினார்கள். அது நட்சத்திரங்களையும், பெரிய மெகல்லன் மேகம் என்னும் பக்கத்து விண்மீன் மண்டலத்தையும் பதிவு செய்தது.

வேறு சந்தேகங்கள்

"காற்றில்லாத இடத்தில் கொடி எப்படி விரிந்து நின்றது?" இது பலரும் கேட்பது. கொடியின் மேல் விளிம்பில் ஒரு குறுக்குக் கம்பி செருகப்பட்டிருந்தது. மடிப்புகள்தான் அலைபோலத் தெரிகின்றன.

"நிழல்கள் வெவ்வேறு திசையில் விழுகின்றனவே, பல விளக்குகள் இருந்தனவா?" மாலை வெயிலில் கடற்கரை மணலில் நான்கு கம்புகளை நட்டுப் பாருங்கள். மணல் மேடும் பள்ளமுமாக இருந்தால் ஒரே சூரியனின் நிழல்கூடப் பல பக்கம் சாய்ந்ததுபோலத் தோன்றும்.

"படத்தைத் திருத்தியிருக்கிறார்கள்!" இதில் கொஞ்சம் உண்மை உண்டு. 1972 டிசம்பர் 7 அன்று அப்போலோ 17 பயணத்தில் எடுத்த, முழு பூமியையும் காட்டும் புகழ்பெற்ற படத்தில், தென் துருவம் மேல்பக்கம் இருந்தது. நமக்குப் பழகிய உலகப்படம்போல் தெரியவேண்டும் என்று தலைகீழாகத் திருப்பி அச்சிட்டார்கள். திருப்பியதால் படம் பொய்யாகிவிடாது. ஆனால் திருப்பினோம் என்று சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் சந்தேகம் முளைக்கத்தான் செய்யும்.

படம் மட்டும் சாட்சியல்ல

ஒரு படத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. கணினியே படம் வரைந்து தரும் காலம் இது. வேறு சாட்சிகள் வேண்டும். உண்டா?

உண்டு. அப்போலோ 11, 14, 15 பயணங்களில் நிலாவில் எதிரொளிப்பான்கள் வைக்கப்பட்டன. பூமியிலிருந்து அனுப்பும் லேசர் ஒளி அவற்றில் பட்டுச் சுமார் 2.5 விநாடியில் திரும்பி வருகிறது. நிலா ஆண்டுக்குச் சுமார் 3.8 சென்டிமீட்டர் நம்மை விட்டு விலகுகிறது என்பதை இப்படித்தான் அளந்தார்கள். நமது சந்திரயான் 2 கலமும் நிலாவைச் சுற்றியபடி அப்போலோ 11 இறங்கிய இடத்தைப் படம் எடுத்திருக்கிறது.

ஆறு பயணங்களில் 12 பேர் நிலாவில் நடந்து, சுமார் 382 கிலோகிராம் கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். அப்போலோ 11 கொண்டுவந்த பசால்ட் என்னும் எரிமலைப் பாறைகளில் இல்மனைட் என்ற கனிமம் ஏராளம். இரும்பு, டைட்டானியம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தது அது. மாணவர்களே, கடியப்பட்டணம், மணவாளக்குறிச்சிக் கரையில் கறுப்பாக மின்னும் மணல் இருக்கிறதே, அதிலும் முக்கியமானது இந்த இல்மனைட்தான்! இங்குள்ளது மலைப்பாறைகள் கரைந்து ஆற்றோடு வந்தது. அங்குள்ளது எரிமலைக் குழம்பு ஆறி உண்டானது. பிறந்த கதை வேறு, கனிமம் ஒன்று. இதைச் சொன்னதும் பேரன் குனிந்து ஒரு பிடி கறுப்பு மணலை அள்ளி வெகுநேரம் பார்த்தான்.

பெரியவரின் இரண்டாம் கேள்வி

பெரியவர் விடவில்லை. "காமிராவுக்குத் தெரியாட்டி போகட்டும் சாரே. அங்க நின்ன ஆளு கண்ணுக்கு வெள்ளி தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

இதுவும் அருமையான கேள்வி. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் நம் கண் முழுதும் பழக 20 நிமிடத்துக்கு மேலாகும். பளபளக்கும் தரையில் நின்ற வீரர்களின் கண்களும் காமிராவைப் போலவே கூசிச் சுருங்கித்தான் இருந்தன. ஆனால் கலம் நிலாவின் இருட்டுப் பக்கத்தைச் சுற்றும்போது அவர்கள் நட்சத்திரங்களைப் பார்த்தார்கள். அதோடு, அப்போலோ கலத்தில் செக்ஸ்டன்ட் என்ற கோணமானி இருந்தது. வழிகாட்டும் 37 நட்சத்திரங்களின் பட்டியலும் கணிப்பொறியில் இருந்தது. நாம் அகத்தியர் நட்சத்திரம் என்று சொல்லும் கனோபஸ்கூட அந்தப் பட்டியலில் உண்டு. வீரர்கள் நட்சத்திரங்களைக் குறிபார்த்துத்தான் தங்கள் கலம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சரிபார்த்தார்கள்.

இதைக் கேட்டதும் பெரியவரின் முகம் மாறியது. "அப்போ, அவனும் வெள்ளியப் பாத்துத்தான் வழி பிடிச்சானா?" என்றார். ஜி.பி.எஸ். கருவி வருமுன் அவர் கட்டுமரத்தில் அப்படித்தான் கரை திரும்பியவர். முட்டம் கலங்கரை விளக்கம் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் வெள்ளிகள்தான் அவருக்கு வழி. எந்த வெள்ளி எந்த மாதம் எங்கே எழும் என்று பேரனுக்குச் சொல்லத் தொடங்கினார். அவன் இம்முறை சிரிக்கவில்லை. நானும் மணலில் உட்கார்ந்து கேட்டேன். எனக்குத் தெரியாதவை அதில் பல இருந்தன.

மாணவர்களே! சந்தேகப்படுகிறவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். "எதைக் காட்டினால் நம்புவீர்கள்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்கிறவரோடு சேர்ந்து ஒரு சோதனை செய்துபாருங்கள். உங்கள் நம்பிக்கையையும் அதே சோதனைக்கு உட்படுத்துங்கள். இன்றிரவே ஒரு விளக்கும் ஒரு கைபேசியும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகலாமே! வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் அவர்களையும் மறக்காமல் அழைத்துப் போங்கள்.